வளராத ஜோடி

டெக்சாஸ் ஹோல்டம் போக்கரில் கைக்கு முதலில் வரும் இரண்டு சீட்டுகளும் ஏஸாக இருப்பதற்கான வாய்ப்பு 221-இல் ஒன்று. 52 சீட்டிலிருந்து இரண்டை 1,326 விதமாக எடுக்கலாம். அவற்றில் ஆறு மட்டுமே ஏஸ் ஜோடி. எதிரே ஒருவர் என்னவென்று தெரியாத இரண்டு சீட்டோடு உட்கார்ந்திருந்தால், ஐந்து பொதுச்சீட்டும் விழுந்து முடியும்போது சராசரியாக நூற்றுக்கு 85 தடவை ஏஸ் ஜோடிதான் ஜெயிக்கும். இந்த ஆட்டத்தில் இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஆனாலும் இணையத்தில் போக்கர் ஆடுகிறவர்கள் கையிருப்பு மொத்தத்தையும் ஒரே ஆட்டத்தில் இழந்த கதைகளில் எத்தனையோ இந்த நல்ல தொடக்கத்திலிருந்துதான் புறப்படுகின்றன. ஏழும் இரண்டும் வைத்துக்கொண்டு யாரும் அழிவதில்லை. அதைத்தான் வந்தவுடனே கீழே போட்டு விலகிவிடுகிறார்களே. இஸ்பேட் ஏஸும் டைமன் ஏஸும் கையில் இருக்க, ஃப்ளாப் எனப்படும் முதல் மூன்று பொதுச்சீட்டு ஆட்டின் 9, ஆட்டின் 8, கிளாவர் 7 என்று விழுவதாக வைத்துக்கொள்வோம். என் வாதம் இந்த ஒரு காட்சிக்குள் அடங்கிவிடும். ஜோடியின் பலம் ஜோடிக்குள் குடியிருப்பதில்லை. எதிராளி எதைக் கொண்டு தொடர்கிறார், எவ்வளவு பணத்துக்குத் தொடர்கிறார் என்பவற்றைப் பொறுத்து அது கூடும், குறையும். பணம் பெருகப் பெருக அதே ஜோடி சிறுத்துக்கொண்டே போகிறது. தாளில் இந்தக் கணக்கு எளிது. திரையில் அந்த இரண்டு ஏஸும் கொஞ்சமும் சிறுக்காமல் முன்பு இருந்தபடியே இருப்பதுதான் தொல்லை.

அந்த 85 எந்தக் கேள்விக்கு விடை என்று பார்த்துவிட வேண்டும். எதிராளியிடம் என்ன இருக்கிறது என்று எதுவுமே தெரியாத நிலையில், இருவரும் மேற்கொண்டு ஒரு முடிவும் எடுக்காமல் ஐந்து சீட்டையும் திறந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அது விடை. எதிரே ஒன்பது பேர் இருந்து ஒருவரும் விலகாமல் கடைசிவரை பார்த்தால், அதே ஏஸ் ஜோடி நூற்றுக்கு 31 தடவைதான் ஜெயிக்கும். அப்போதும் பத்துப் பேரில் மிக அதிக வாய்ப்பு அதற்குத்தான். கேள்வி மாறியதால் விடை மாறிவிட்டது, அவ்வளவே. ஃப்ளாப் விழுந்ததும் கேள்வி இன்னொரு முறை மாறுகிறது; எதிராளி பணத்தை முன்னே தள்ளும்போது மூன்றாம் முறை மாறுகிறது. ஆட்டக்காரரின் மனமோ பெரும்பாலும் முதல் கேள்வியின் விடையையே கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு இதில் ஒரு புதுமை இருக்கிறது. ரம்மியில் ஒரிஜினல், அதாவது ஜோக்கர் இல்லாத வரிசை, சேர்ந்துவிட்டால் சேர்ந்ததுதான். எதிராளி எதை எடுத்தாலும் எதைக் கழித்தாலும் கையில் சேர்ந்த வரிசை குலையாது; மீதியைச் சேர்க்கும் கவலை மட்டுமே பாக்கி. ஹோல்டமில் நடுவில் விழும் ஐந்து சீட்டும் எல்லோருக்கும் பொது. ஒவ்வொன்றும் இருவர் கையிலும் ஒரே நேரத்தில் விழுகிறது, ஆனால் இருவருக்கும் ஒரே அளவில் உதவுவதில்லை. ஏஸ் ஜோடி வந்தபோதே கிட்டத்தட்ட முழுதாக வளர்ந்துவிட்ட கை. அது மேலும் வளர, கட்டில் மிச்சமிருக்கும் இரண்டு ஏஸில் ஒன்று விழ வேண்டும், இல்லையேல் பலகையில், அதாவது பொதுச்சீட்டுகளில், வேறொரு ஜோடி அமைய வேண்டும். ஜாக்கும் பத்தும், ஆறும் ஐந்தும், இரண்டு எட்டுகள் போன்ற கைகள் தாழ்ந்த நிலையில் தொடங்குகின்றன; அவற்றின் விலையே வளரும் சாத்தியத்தில்தான் இருக்கிறது. சிறு ஜோடி ஒன்று ஃப்ளாப்பில் மூன்றாகச் சேர்ந்து செட் ஆவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 12-ஐ ஒட்டியது, அதாவது எட்டரை தடவைக்கு ஒருமுறை. மற்ற ஏழெட்டுத் தடவை போட்ட காசு போனதுதான். அப்படியிருந்தும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் இரண்டு நான்குகளை வைத்துக்கொண்டு காசு கொடுத்து ஃப்ளாப் பார்க்கிறார்கள். செட் சேர்ந்த அந்த ஒரு தடவையில் எதிரே இருப்பவர் தன் ஏஸ் ஜோடியை விடமாட்டார், கையிருப்பு முழுவதையும் தந்துவிடுவார் என்ற எதிர்பார்ப்புதான் அவர்களின் முதலீடு. சிறு ஜோடிகளின் பொருளாதாரம் பெரிய ஜோடிகளின் பிடிவாதத்தின் மேல் கட்டப்பட்டிருக்கிறது.

இனி ஃப்ளாப்பை எண்ணிப் பார்க்கலாம். 9, 8, 7 விழுந்த இடத்தில் ஏஸ் ஜோடியை அப்போதே தாண்டிவிட்ட கைகள் எத்தனை? ஒன்பது ஜோடி, எட்டு ஜோடி, ஏழு ஜோடி ஒவ்வொன்றும் மூன்று விதம். ஆக ஒன்பது செட். ஒரே இனத்து ஒன்பது–எட்டு மூன்று விதம், ஒன்பது–ஏழு இரண்டு, எட்டு–ஏழு இரண்டு. ஆக ஏழு இரட்டை ஜோடி. ஒரே இனத்து ஜாக்–பத்து, பத்து–ஆறு, ஆறு–ஐந்து ஒவ்வொன்றும் நான்கு விதம்; ஐந்து சீட்டு தொடர்ச்சியாக அமையும் ஸ்ட்ரெய்ட் பன்னிரண்டு. வேறுவேறு இனத்துக் கைகளை எண்ணாமலே 28. பிளைண்ட் என்ற கட்டாயப் பந்தயத்தைக் காப்பதற்காகக் கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்து ஆட்டத்துக்குள் வந்த எதிராளியிடம் இவை எல்லாமே இருக்கக்கூடியவை. இந்த 28-க்கு எதிரே ஏஸ் ஜோடி கடைசியில் மீண்டு வருவதற்கான சராசரி வாய்ப்பு பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் வரும். எதிராளி பணத்தைக் கொட்டக்கூடிய மற்றக் கைகளையும் சேர்ப்போம்: பத்து ஜோடி, ஜாக் ஜோடி ஆகியவற்றில் பன்னிரண்டு விதம், ஆட்டின் ஏஸோடு இன்னொரு ஆட்டின் சீட்டு வைத்து, ஒரே இனத்தில் ஐந்து சேரும் ஃப்ளஷுக்குக் காத்திருக்கும் கைகள் ஒரு பத்து. இவற்றுக்கு எதிரே ஏஸ் ஜோடி நூற்றுக்கு அறுபது, அறுபத்தைந்து என்ற அளவில் முன்னால் நிற்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும். 85-இல் தொடங்கிய ஜோடி, எதிராளி தன் முழுக் கையிருப்பையும் தள்ளும் இடத்தில் 33, 34-க்கு வந்து நிற்கிறது. அவர் வெறும் ஃப்ளஷ் ஆசையில் அப்படித் தள்ளாத நிதானக்காரராக இருந்தால் இன்னும் கீழே போகும்.

பக்கத்திலேயே வேறொரு ஃப்ளாப்பை வைத்துப் பார்த்தால் விஷயம் தெளியும்: கிளாவர் கிங், டைமன் 7, ஆட்டின் 2. மூன்றும் மூன்று இனம். ஸ்ட்ரெய்ட் சேர்ந்திருக்க வழியில்லை, சேரப்போகிறது என்று நம்பவும் வழியில்லை. ஏஸை இங்கே தாண்டியிருப்பவை செட்களும் ஓரிரண்டு இரட்டை ஜோடிகளும்தான். காசு கொடுக்கத் தயாராக இருக்கும் தாழ்ந்த கைகளோ ஏராளம். கிங்–குயின் மட்டுமே 12 விதம். வேடிக்கை என்னவென்றால், பார்வைக்கு இந்தக் கிங் பலகைதான் மிரட்டலாகத் தெரிகிறது. கண் எப்போதும் உயரத்தைப் பார்க்கிறது. குயின் ஜோடி வைத்திருப்பவர் ஃப்ளாப்பில் கிங்கோ ஏஸோ விழக் கண்டால் துவண்டுபோகிறார். நூற்றுக்கு 41 ஃப்ளாப்பில் அப்படி விழத்தான் செய்யும். ஜாக் ஜோடிக்கு மேலே ஏதாவதொரு சீட்டு விழுவது நூற்றுக்கு 57. கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து இது. அதற்கு மக்கள் தேவைக்கு மேலேயே பயப்படுகிறார்கள். 9, 8, 7 விழுந்தால் ஏஸ் ஜோடிக்கு மேலே எதுவும் இல்லை. மூன்றும் சின்னச் சின்னச் சீட்டு, ஏஸ் அவற்றின் தலைக்கு மேலே உயர்ந்து நிற்பதாகவே படும். ஆபத்து உயரத்தில் இருப்பதில்லை. சீட்டுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதிலும் ஒரே இனமாக இருப்பதிலும் இருக்கிறது. பெரிய சீட்டைக் கண்டு கூசுகிற அதே கண் நெருக்கத்தைக் கவனிப்பதில்லை.

ஏஸ் ஜோடி சின்னப் பாட்டை ஜெயிக்கும், பெரிய பாட்டைத் தோற்கும் என்று போக்கர் மேசைகளில் நெடுங்காலமாக ஒரு பேச்சு உண்டு. பாட் என்பது நடுவில் சேரும் பணம். இந்தப் பேச்சை அப்படியே ஏற்பதற்கில்லை. இணைய ஆட்டங்கள் ஒவ்வொரு கையையும் எழுத்தில் விட்டுச் செல்கின்றன. லட்சக்கணக்கான கைகளைத் தொகுத்துப் பார்க்கும் மென்பொருள்கள் இருபது ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கின்றன. எந்தத் தொகுப்பை எடுத்தாலும் அதிக லாபம் தரும் தொடக்கக் கை ஏஸ் ஜோடிதான். அப்படியானால் என் வாதம் விழுந்துவிட்டதா? இல்லை. அந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பகுதி ஃப்ளாப்புக்கு முன்பே வருகிறது: எதிரே கிங் ஜோடியோ குயின் ஜோடியோ ஏஸ்–கிங்கோ வைத்திருப்பவர் மாறிமாறி ஏற்றிக்கொண்டே போய் முழுப் பணத்தையும் தள்ளுகிறார். அந்தச் சண்டையில் ஏஸ் ஜோடி கிங் ஜோடிக்கு எதிரே நூற்றுக்கு 81-க்கு மேல் நிற்கும். மீதி லாபம் கிங், 7, 2 போன்ற காய்ந்த பலகைகளில் வருகிறது. சராசரி இவற்றையெல்லாம் ஒரே எண்ணாகக் கலந்துவிடுகிறது. நெருக்கமான பலகையில், ஃப்ளாப்புக்கு முன் சிறிதாக இருந்த பாட்டைப் பெரிதாக்க எதிராளியே முன்வரும் இடங்களை மட்டும் பிரித்தெடுத்தால் படம் வேறு. மேசைப் பேச்சு அந்த இடத்துக்கு மட்டும் பொருந்தும் உண்மையை எல்லா இடத்துக்கும் நீட்டிவிட்டது. ‘பலூகா தேற்றம்’ என்று ஆட்டக்காரர்கள் பாதிக் கேலியாகப் பெயரிட்ட விதி இதைவிடத் துல்லியமானது. நான்காவது பொதுச்சீட்டான டர்னில் எதிராளி உங்கள் பந்தயத்தை ஏற்றினால், ஒற்றை ஜோடியின் மதிப்பை அந்த இடத்தில் புதிதாகக் கணிக்க வேண்டும் என்கிறது அது. போட்டுவிடு என்று சொல்லவில்லை, மறுபடி கணி என்றுதான் சொல்கிறது.

மறுகணிப்பில் முதலில் எண்ண வேண்டியது, பாட்டோடு ஒப்பிடக் கையில் மிச்சம் எவ்வளவு என்பது. மேத் ஃப்ளின், சன்னி மேத்தா, எட் மில்லர் மூவரும் 2007-இல் எழுதிய நூல் இந்த விகிதத்தைப் பரவலாக்கியது. நூறு பெரிய பிளைண்ட் கையிருப்போடு ஆடும் இருவரில் ஒருவர் இரண்டரைக்கு ஏற்ற, பெரிய பிளைண்டில் இருப்பவர் சேர்ந்துகொண்டால், விலகிய சிறிய பிளைண்டின் அரையோடு பாட்டில் ஐந்தரை, ஒவ்வொருவர் கையிலும் 97.5. விகிதம் ஏறத்தாழ 18. ஃப்ளாப்பிலிருந்து முழுவதையும் கொடுத்துக் கடைசிவரை போக, ஏஸ் ஜோடிக்குக் குறைந்தது நூற்றுக்கு 48 தடவைக்கு மேல் வெற்றி வேண்டும். மேலே போட்ட கணக்கில் இருப்பது மூன்றில் ஒரு பங்கு. நேரான நஷ்டம். அதே இருவரும் ஃப்ளாப்புக்கு முன்பே மாறிமாறி ஏற்றி, பாட்டும் மிச்சக் கையிருப்பும் சமமாகிவிட்ட நிலையில் அதே 9, 8, 7 விழுந்தால், தேவை நூற்றுக்கு 33 தடவைதான். அதே சீட்டு, அதே பலகை. ஓரிடத்தில் பணத்தைக் கொடுப்பது பெரும்பிழை, இன்னோரிடத்தில் கொடுக்காமலிருப்பது பிழை. இரண்டாவது நிலையில் எதிராளியின் கையும் வேறாக இருக்கும். அத்தனை பணத்துக்குப் பத்து–ஆறு வைத்துக்கொண்டு யாரும் வந்திருக்கமாட்டார். கிங் ஜோடியும் குயின் ஜோடியும் அங்கே நிறைய. ஆகவே ஏஸ் இன்னும் பலம் பெறுகிறது. ‘இந்தப் பலகையில் ஏஸ் ஜோடி நல்ல கையா?’ என்ற கேள்விக்கு, விகிதத்தைச் சொல்லாதவரை விடையே கிடையாது.

இங்கே ஒரு நுட்பமான தடுமாற்றம் உண்டு. ‘இவ்வளவு போட்டாச்சு, இனி எப்படி விடுவது?’ என்ற ஒரே வாக்கியத்தை இரண்டு வேறு மனிதர்கள் சொல்லலாம். ஒருவர் கணக்கைச் சொல்கிறார்: பாட்டில் ஏற்கெனவே இவ்வளவு கிடக்கிறது, நான் கொடுக்க வேண்டியது கொஞ்சம், மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பே போதும். இன்னொருவர் துக்கத்தைச் சொல்கிறார். பேரி ஸ்டா 1976-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நிறுவனத்தின் பணத்தைப் பிரித்து ஒதுக்கும் பொறுப்பு மாணவர்களுக்குத் தரப்பட்டது. தாங்களே தேர்ந்த பிரிவு மோசமாகப் போனபோது, வேறொருவர் தேர்ந்ததைக் கையில் வாங்கியவர்களைவிட அவர்கள் அதற்கு மேலும் அதிகப் பணம் ஒதுக்கினார்கள். ஏஸ் ஜோடியை யாரும் தேர்வதில்லை, அது வந்து சேர்வது. ஆனால் அதை நம்பி ஏற்றியதும், ஃப்ளாப்பில் முதல் பந்தயம் வைத்ததும் ஆட்டக்காரரின் சொந்த முடிவுகள். கணக்கையும் துக்கத்தையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. நடுவில் கிடக்கும் பணம் முழுவதையும் முன்பின் தெரியாத ஒருவர் போட்டுவிட்டு எழுந்து போனதாக வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்பது. விடை மாறாவிட்டால் அது கணக்கு. பாட்டில் கிடக்கும் பணத்துக்குப் போட்டவரின் பெயர் தெரியாது. பேசும்போது மட்டும் நாம் பெயரைச் சேர்த்துக்கொள்கிறோம்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆபத்தான பலகை விழும்போதெல்லாம் ஏஸைப் போட்டுவிடுகிறவரை எதிராளி சும்மா விடுவாரா? சீட்டில் ஒன்றுமே இல்லாமல் பணத்தைத் தள்ளித் துரத்தியே பிழைத்துவிடுவார். ஜான் ஃபான் நாய்மன் 1928-இலேயே இத்தகைய ஆட்டங்களைக் கணிதமாக்கிக் காட்டினார். 1944-இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு எழுதிய நூலில் போக்கருக்கே தனியிடம் கொடுத்து, பொய்ப் பந்தயம் குணக்கேடான தந்திரமல்ல, சரியான ஆட்டத்தின் தவிர்க்க முடியாத பகுதி என்று நிறுவினார். எதிராளி பாட் அளவுக்குப் பந்தயம் வைத்தால், அவர் வெறுங்கையோடு லாபம் பார்க்காமலிருக்க நாம் நம் கைகளில் சுமார் பாதியைக் கொண்டாவது தொடர வேண்டும் என்பது பாலபாடம். மறுப்பு சரியானது. ஆனால் எந்தப் பாதி என்பதை அது சொல்வதில்லை, என் வாதம் நிற்குமிடம் அதுதான். 9, 8, 7 பலகையில் கனத்த ஏற்றம் வந்தால், பத்து ஜோடியை வைத்திருப்பவர் பல நேரங்களில் ஏஸ் ஜோடிக்காரரைவிட நல்ல நிலையில் இருக்கிறார். எதிராளியிடம் செட் இருந்தால் ஏஸுக்குத் தப்ப இரண்டே சீட்டு, நூற்றுக்கு ஒன்பது தடவைகூட வராது. பத்து ஜோடிக்கோ ஜாக் விழுந்தாலும் ஆறு விழுந்தாலும் ஸ்ட்ரெய்ட். எட்டுச் சீட்டு வழி திறந்திருக்கிறது, பத்தே விழுந்தாலும் ஆயிற்று. ஆறு–ஐந்து வைத்து ஸ்ட்ரெய்ட் சேர்த்துவிட்டவரையும் அதனால் எட்டிப் பிடிக்க முடியும். தாழ்ந்த ஜோடி உயர்ந்த ஜோடியைவிட மேலாவது தலைகீழ்த் தர்க்கம் போலத் தெரியலாம். வளரும் கையும் வளராத கையும் தோற்றுக்கொண்டிருக்கும்போது என்ன செய்யும் என்று கேட்டால் அது நேராகிவிடும்.

ஏஸ் ஜோடிகளுக்குள்ளேயே இந்த வேறுபாடு உண்டு. கையில் இருப்பவற்றில் ஒன்று ஆட்டின் ஏஸாக இருந்தால், அடுத்த இரண்டும் ஆட்டினாக விழும்போது உச்ச ஃப்ளஷ் கிடைக்கும். ஸ்ட்ரெய்ட்டிடம் தோற்றுக்கொண்டிருக்கும் கைக்கு அது ஒரு சிறு வாசல். அதே நேரம், ஆட்டின் ஏஸ் நம்மிடம் இருப்பதாலேயே எதிராளி அதை வைத்து ஃப்ளஷுக்குக் காத்திருக்கும் கைகள் ஒழிந்துவிடுகின்றன. நாம் முன்னால் நின்ற கைகளில் ஒரு கொத்து காணாமல் போகிறது. ஒரே சீட்டு ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கிறது. இப்படிப்பட்ட இழுபறிகளை மனிதர் மேசையில் உட்கார்ந்தபடி முழுதாகத் தீர்க்க முடியாது. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரச் சூதாட்ட விடுதியொன்றில் லிப்ராடஸ் என்ற நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 1,20,000 கைகள் ஆடி 17 லட்சம் டாலருக்கு மேல் மதிப்பிட்ட சிப்புகளால் வென்றது. 2019-இல் அதை உருவாக்கிய ஆய்வாளர்கள் நோம் பிரவுனும் டுவோமாஸ் சாண்ட்ஹோமும் ஆறு பேர் மேசைக்கும் ஒரு நிரலைக் கொண்டுவந்தார்கள். இந்த வகை நிரல்களுக்கு ஏஸ் ஜோடியின் மேல் மரியாதை கிடையாது. ஒரே இடத்தில் ஒரே கையைச் சில தடவை தொடரவும் சில தடவை போடவும் அவற்றால் முடிகிறது, இரண்டின் பலனும் சமம் என்று கண்டால். மனிதர் ஒரு நாள் போட்டுவிட்டு மறுநாள் தொடர்ந்தால் அதற்கு ஒரு கதை தேவைப்படுகிறது.

கணினிக் கணிப்புகள் சொல்லும் இன்னொன்று பலருக்கு உவப்பாக இல்லை: இத்தகைய நெருக்கமான பலகையில், முதலில் ஏற்றி வந்தவர் நிறையத் தடவை பந்தயமே வைக்காமல் ‘செக்’ சொல்லிவிடுவது நல்லது. காரணம் விளங்காததல்ல. பெரிய சீட்டுகளோடு ஏற்றி வந்தவரிடம் ஏஸும் கிங்கும் அதிகம். சும்மா சேர்ந்துகொண்டவரிடம் ஏழும் எட்டும் ஒன்பதும் அதிகம். பலகை அவருடைய பேட்டை. இதற்கு எதிராக எழும் குரல், ஆபத்து என்றால் பெரிதாக அடித்து எதிராளியைத் துரத்திவிட வேண்டியதுதானே என்பது. இந்த யோசனை எல்லா ஊர் மேசைகளிலும் உண்டு. பெரிய பந்தயம் யாரைத் துரத்துகிறது என்று கேட்டால் அதன் ஓட்டை தெரியும். நாம் தோற்கடித்துக்கொண்டிருக்கும் கைகளைத்தான் துரத்தும். செட்டும் ஸ்ட்ரெய்ட்டும் எழுந்து போகப்போவதில்லை. ஃப்ளஷுக்கும் ஸ்ட்ரெய்ட்டுக்கும் சேர்த்துக் காத்திருக்கும் கைக்குப் பதினைந்து சீட்டு சாதகம். ஏஸ் ஜோடிக்கு எதிரே அது பின்தங்கியதே இல்லை, நூற்றுக்கு 55 தடவை அதுதான் ஜெயிக்கும். வெறும் ஃப்ளஷ் ஆசைக்காரருக்கு ஒன்பது சீட்டு. அடுத்த ஒரு சீட்டில் சேர்வது நூற்றுக்கு இருபதுகூட இல்லை. அவர் போகக் கூடாது, கட்டுப்படியாகாத விலை கொடுத்து இருக்க வேண்டும். பாட்டில் பாதி வைத்தாலே, அந்த ஒரு சீட்டைப் பார்க்க அவருக்கு நூற்றுக்கு 25 தேவைப்படுகிறது. அந்த விலையே போதும். அதற்கு மேல் அடிப்பது பெரும்பாலும் ஆட்டக்காரர் தன் படபடப்பைத் தணித்துக்கொள்ளக் கொடுக்கும் கட்டணம். டேவிட் ஸ்க்ளான்ஸ்கி வகுத்த போக்கரின் அடிப்படைத் தேற்றம், எதிராளியின் சீட்டைப் பார்க்க முடிந்திருந்தால் ஆடியிருக்கும் விதத்திலிருந்து விலகி ஆடும்போதெல்லாம் ஒருவர் இழக்கிறார் என்கிறது. ஃப்ளாப்புக்கு முன் பெரிதாக ஏற்றி, ஒவ்வொரு சீட்டுக்கும் பெரிதாக அடித்து, எதற்கும் விடாதவர் தன் சீட்டைத் திறந்து வைத்துத்தான் ஆடுகிறார். எதிராளிக்குத் தவறு செய்ய வழியே கொடுப்பதில்லை.

சிறு தொகை மேசைகளில் எதிராளிகள் கண்டபடி ஆடுகிறார்கள், அங்கே இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கண்டபடி என்பதில் இரண்டு வகை உண்டு. கண்டபடி ஏற்றிக்கொண்டே போகும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஏஸை விடுவது முட்டாள்தனம். ஆனால் நீண்ட காலம் ஆடியவர்கள் ஏறத்தாழ ஒரே குரலில் சொல்வது, அந்த மேசைகளின் பொது நோய் கண்டபடி தொடர்வது, கண்டபடி ஏற்றுவதல்ல என்பது. எதையோ வைத்துக்கொண்டு ஒவ்வொரு பந்தயத்துக்கும் பேசாமல் காசு போட்டுக்கொண்டே வந்தவர், டர்னிலோ கடைசிச் சீட்டான ரிவரிலோ திடீரென்று ஏற்றினால், அது அனேகமாக உண்மை. ஆக, ஆள் தெரியாத எளிய மேசையில்தான் இந்த வாதம் இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. வல்லவர்கள் மேசையில் பொய்ப் பந்தயங்கள் கலந்து அதைக் கொஞ்சம் மழுக்கிவிடும்.

இந்த ஆட்டத்தைத் திறன் என்பதா அதிர்ஷ்டம் என்பதா என்று நம் நீதிமன்றங்கள் பல ஆண்டுகள் விவாதித்திருக்கின்றன. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறன் விளையாட்டுகளாகவே கொண்டு, தமிழ்நாட்டின் தடைச் சட்ட அட்டவணையில் அவற்றைச் சேர்த்ததை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அந்தப் பாகுபாட்டையே ஒதுக்கி, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை மொத்தமாகத் தடுத்துவிட்டது. கடனில் சிக்கி உயிரைவிட்டவர்களின் குடும்பங்களை நினைத்தால் சட்டம் அப்படிப் போனதில் வியப்பில்லை; திறன் உண்டு என்று நிறுவுவதால் தீங்கு இல்லை என்று ஆகிவிடாது. ஒவ்வொரு பாட்டிலிருந்தும் நடத்துபவருக்கு ஒரு பங்கு போகிற ஆட்டத்தில் திறனுள்ளவர்களிலும் பலர் நஷ்டத்தில்தான் முடிகிறார்கள். இந்த இடத்துக்குத் தேவையான அளவில் ஒன்று சொல்லலாம். ஏஸ் ஜோடி வருவது அதிர்ஷ்டம், பலகை விழுவது அதிர்ஷ்டம். திறன் என்று ஒன்று இருந்தால் அது இருக்க முடிகிற இடம், வந்ததை எவ்வளவு விலைக்கு வைத்துக்கொள்வது என்ற முடிவு மட்டுமே.

அந்தத் திறனை அனுபவத்தால் கற்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு இணைய ஆட்டமே ஒரு சோதனைக்கூடம். நேரடி மேசையில் மணிக்கு முப்பது கை. ஏஸ் ஜோடி ஏழு மணி நேரத்துக்கு ஒருமுறை. இணையத்தில் நான்கு மேசைகளை ஒரே நேரத்தில் திறந்தால் மணிக்கு முந்நூறு கைகூடப் பார்க்கலாம். முக்கால் மணிக்கு ஒரு ஏஸ் ஜோடி. இவ்வளவு பழகிய பொருளின் மேல் மயக்கம் தீர்ந்திருக்க வேண்டும், தீர்வதில்லை. காரணம், மேசை தரும் பதில்கள் ஒருபக்கமானவை. ஏஸோடு தொடர்ந்து தோற்றால் எதிராளியின் சீட்டு திறக்கிறது, தவறு தெரிகிறது. ஆனால் அதைத் துரதிர்ஷ்டம் என்று எழுதிக்கொள்ளலாம். தொடர்ந்து ஜெயித்தால் சீட்டு திறக்கிறது, நம்பிக்கை கூடுகிறது. போட்டுவிட்டால் ஒன்றும் திறப்பதில்லை. சரியாகப் போட்டவருக்கு அது சரி என்ற செய்தி வருவதே இல்லை. விதிவிலக்காக ஒன்று மட்டும் நேரும்: பொய்ப் பந்தயத்தால் துரத்தியவர் பெருமைக்காகத் தன் வெறுங்கையைத் திறந்து காட்டுவார். செட் வைத்திருந்தவர் காட்டுவதில் அவருக்கு என்ன சுவை? ஆகவே போட்ட கைகளைப் பற்றி நினைவில் சேர்பவை ஏமாந்த கைகள் மட்டுமே. சில செயலிகள் சிறு கட்டணத்துக்கு, ஆட்டம் தொடர்ந்திருந்தால் அடுத்து என்ன சீட்டு விழுந்திருக்கும் என்று காட்டுகின்றன. எதிராளியின் கையை அவையும் காட்டுவதில்லை. போட்ட ஏஸுக்குப் பின்னால் மூன்றாவது ஏஸ் வரவிருந்தது என்று தெரிந்துகொள்வதால் மனம் புண்படுமே தவிர முடிவு திருந்தாது.

எண்ணிக்கையை நம்பலாமா என்றால் அதுவும் கைகொடுப்பதில்லை. ஒருவர் ஒரு லட்சம் கை ஆடியிருந்தால் ஏஸ் ஜோடி அவருக்குச் சுமார் 450 தடவை வந்திருக்கும். அவற்றில் பல ஃப்ளாப்புக்கு முன்பே முடிந்திருக்கும். மிச்சத்தில் நெருக்கமான பலகை விழுந்தவை சில. அவற்றிலும் எதிராளி கனமாக ஏற்றி முடிவைக் கேட்டவை அதைவிடக் குறைவு. அவற்றிலும் பாட்டுக்கும் கையிருப்புக்குமான விகிதம் ஒத்திருந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அந்தச் சில கைகளில் இரண்டு இப்படியும் மூன்று அப்படியும் முடிந்தது என்பதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. 28 கைகளையும் பன்னிரண்டையும் பத்தையும் மேசைக்கு வெளியே, பொத்தான் முன்னால் நொடிகள் இறங்கிக்கொண்டிருக்காத நேரத்தில் உட்கார்ந்து எண்ணியவருக்குத்தான் அந்த இடத்தில் நம்புவதற்கு ஏதாவது இருக்கும். அப்படி எண்ணியவரும் தான் போட்ட கை சரிதானா என்று அன்றைக்குத் தெரிந்துகொள்ளப் போவதில்லை.